வியாழக்கிழமைப் பிள்ளைகள்

காரைக்குடி காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் இரண்டு கடைகள் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒன்று என் ஜெராக்ஸ் கடை. இன்னொன்று உத்திரியமேரி அக்காவின் தையல் கடை. சுவர் என்று பெயருக்குத்தான் சொல்கிறேன், வெறும் பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் யாருக்கு என்ன அளவு, யார் வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் இருபத்திரண்டு வருஷமாக விரும்பாமலேயே என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. விரும்பாமலேயே என்று எழுதியது கொஞ்சம் பொய்தான்.

அக்காவுக்கு அறுபத்துமூன்று வயது. தேவகோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பிறந்தவர். புருஷன் கொத்தனார், கண்டனூர்ப் பெரிய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு வேலை பார்த்தவர். கல்யாணமான ஒன்பதாம் வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு அக்கா தையல் மெஷினோடுதான் குடித்தனம் நடத்துகிறார். கழுத்தில் அளவு நாடா எப்போதும் தொங்கும், பூசைக்கும் அப்படியே வருவார். வாய் கொஞ்சம் அதிகம். ரவிக்கை இறுக்கிப் பிடிக்கிறது என்று யாராவது திரும்பி வந்தால், அளவெடுத்த அன்றைக்கு இந்த உடம்பையா கொண்டுவந்தாய் என்று கேட்பார். ஆனாலும் ஆட்கள் அங்கேயேதான் போகிறார்கள். கைவேலை அப்படி.

சந்து முடிகிற இடத்தில் எங்கள் மாதா கோவில். ஞாயிறு பூசைக்கு நான்தான் கீபோர்டு வாசிக்கிறேன், பெயர் தைனிஸ். எங்கள் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் ஞானஸ்நானம் நடக்கும். சாமியார் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் பூசி, வெள்ளை உடுப்பு போர்த்தி முடித்ததும், ஞானத்தகப்பன் மணிக்கூண்டுக்குப் போய்க் கயிற்றை மூன்று தடவை இழுக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு மூன்று அடி. இரண்டு பிள்ளை என்றால் ஆறு.

கோவிலுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் தண்டாயுதபாணி எங்கள் கோவிலுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. மாதம் தவறாமல் பிள்ளையார்பட்டிக்குப் போகிற ஆள். ஆனால் எங்கள் சபையில் இந்த வருஷம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், சாமியார் பதிவேட்டைப் புரட்டுவதற்குள் அவர் சொல்லிவிடுவார். டீ ஆற்றிக்கொண்டே மணியை எண்ணுவார். வெளியே வருகிற குடும்பத்தை நிறுத்தி, யார் வீட்டுப் பிள்ளை, என்ன பெயர் என்று விசாரித்து, அவர்கள் ஞானஸ்நானத்துக்குப் பங்கிடுகிற கற்கண்டில் ஒரு கை வாங்காமல் விடமாட்டார்.

மணி அடிக்காத ஞானஸ்நானமும் எங்களிடம் உண்டு. தாய்க்கும் தகப்பனுக்கும் கல்யாணமாகாமல் பிறந்த பிள்ளைகளை வியாழக்கிழமை சாயங்காலம், கோவிலில் ஆள் இல்லாத நேரத்தில், பக்கவாட்டுக் கதவு வழியாகக் கொண்டுவருவார்கள். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். மணி கிடையாது, கற்கண்டு கிடையாது. இது ரோமாபுரியிலிருந்து வந்த சட்டம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். நானும்தான்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஞானத்தாயாக நிற்க யாரும் முன்வருவதில்லை. அப்படிப்பட்ட பிள்ளையைத் தூக்கினால் நம் வீட்டுப் பெண்களுக்குச் சம்பந்தம் வராது என்று ஒரு பயம். உத்திரியமேரி அக்காதான் நிற்பார். இதுவரை பதினொரு பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் வெள்ளை உடுப்பைத் தானே தைத்து, உள்மடிப்பில் நீல நூலால் பிள்ளையின் பெயரைப் போட்டுக் கொடுப்பார். கிறிஸ்துமஸுக்கு அவர் கடையில் கூட்டமாக நிற்பது வாடிக்கையாளர்கள் மட்டும் அல்ல, பாதிப்பேர் இந்தப் பிள்ளைகள்தான்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பத்து வருஷத்துக்கு முன்னால் அக்கா தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, இந்த வியாழக்கிழமை ஒரு பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்கிறாயா தம்பி என்று கேட்டார். என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். எனக்குக் கீபோர்டு வகுப்பு இருக்கிறது என்றேன். வியாழக்கிழமை எனக்கு எந்த வகுப்பும் கிடையாது, அது அவருக்கும் தெரியும். சரி தம்பி என்று சொல்லிவிட்டு, கோவிலைக் கூட்டித் திறந்து பூட்டும் கோவில்பிள்ளையை நிறுத்திக் காரியத்தை முடித்துக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து என் மகளின் கல்யாண ரவிக்கையைத் தைத்தவரும் அவர்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமைப் பிள்ளைகளில் மூத்தவள் சுபா. அவள் அம்மா செங்கோல்மேரி ஒரு நர்சிங் ஹோமில் துப்புரவு வேலை பார்த்தவர். தகப்பன் மலேசியாவுக்குப் போய்வந்து கல்யாணம் என்று சொல்லிப் போனவன், போனவன்தான். செங்கோல்மேரி அந்த ஒரு மகளை நன்றாகவே வளர்த்தார். சுபா இப்போது ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஊசி குத்துவது தெரியாமல் ரத்தம் எடுப்பாள் என்று ஊரில் நல்ல பெயர்.

சுபாவும் வேல்பாண்டியும் விரும்பினார்கள். வேல்பாண்டி இளையாத்தங்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம், எலக்ட்ரீஷியன். கண்டனூரில் பூட்டியே கிடந்து கல்யாணத்துக்காகத் திறக்கிற பெரிய வீடுகளுக்கெல்லாம் சீரியல் விளக்கு கட்டுவது அவன்தான். ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு விளக்கு போட்டவனுக்குத் தன் கல்யாணத்தை நடத்த முடியவில்லை. அவன் அம்மா மீனம்மாள், தாலி கட்டினால் பிள்ளையார்பட்டியில்தான் என்றார். தனக்குக் கிடைக்காத பூசைக் கல்யாணம் மகளுக்காவது கிடைக்க வேண்டும் என்று செங்கோல்மேரி ஒற்றைக்காலில் நின்றார். இரண்டு தடவை தேதி குறித்து இரண்டு தடவையும் சண்டையில் முடிந்தது. யார் அம்மாவும் அழாமல் கல்யாணம் பண்ண வேண்டும் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். காத்திருக்கிற காலத்திலேயே ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குடியும் போனார்கள். அம்மாக்கள் முடிவுக்கு வருவதற்குள் அபி பிறந்துவிட்டாள்.

கோவில் வாசலில் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அம்மா போன பாதையிலேயே மகளும் போய்விட்டாள் என்றார்கள். உத்திரியமேரி கொடுக்கிற இடம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் சொன்னார்கள். அக்கா காதில் விழுகிற மாதிரியே சொன்னார்கள். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், மூன்று மாதப் பிள்ளைக்கு எத்தனை மீட்டர் துணி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

போன தவக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் காலையில் சுபா அபியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள். நான் இந்தப் பக்கம் ஆதார் அட்டை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"பெரியம்மா, இவளுக்கு நீங்கதான் ஞானத்தாயா நிக்கணும். ஆனா ஞாயித்துக்கெழமை, எல்லாருக்கும் முன்னால, மணியடிச்சு. வியாழக்கெழமைதான்னு சொன்னாகன்னா எனக்கு வேணாம்."

அக்கா சிரித்தார். சாமிக்குக் கிழமை ஏது, உனக்கும் வியாழக்கிழமைதான் நடந்தது, நீ நன்றாக இல்லையா என்றார்.

சுபா பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு, இதுவரை தன் அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். முதல் நற்கருணை வாங்குவதற்கு முன்னால் நடக்கிற புதுநன்மை வகுப்பில் எல்லாரும் ஞானஸ்நானச் சான்றிதழ் கொண்டுவந்தார்களாம். அதில் தேதிதான் இருக்கும், கிழமை இருக்காது. வகுப்பெடுத்த சிஸ்டர் விளையாட்டாகப் பழைய காலண்டர்களைக் கொடுத்து, அவரவர் கிழமையைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் ஞாயிறு, ஞாயிறு என்று கத்த, சுபா வியாழன் என்றிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், வியாழக்கிழமை என்றால் அப்பா இல்லாத பிள்ளை என்று எங்கள் அம்மா சொல்லியிருக்கிறார்கள் என்றாளாம். சிஸ்டர் முகம் வெளுத்துக் காலண்டரை எல்லாம் வாங்கி வைத்துவிட்டாராம்.

"எனக்குப் பத்து வயசுல தெரிஞ்சுபோச்சு பெரியம்மா. இவளுக்கும் அப்படித் தெரிய வேணாம்."

சுபா போய்விட்டாள். என் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"தம்பி, கேட்டுச்சா?" என்றார் அக்கா.

கேட்டது என்றேன். அவ்வளவுதான். அன்றைக்கும் மறுநாளும் அக்காவின் தையல் மெஷின் ஓடவில்லை. புருஷனின் நினைவு நாளில்கூட மத்தியானத்துக்கு மேல் மெஷினில் உட்காருகிறவர் அவர். எனக்கு அவர் மனசு புரிந்தது. ஞானஸ்நானம் இல்லாமல் ஒரு பிள்ளை வளர்வது அவருக்குத் தாங்க முடியாத விஷயம். கோவில் காரியங்களை முடிவு செய்கிற பங்குப் பேரவை மறுத்துவிட்டால் சுபா சொன்னதைச் செய்வாள், பிடிவாதக்காரி. அபி மட்டுமல்ல, சுபாவும் அத்தோடு கோவிலுக்குள் வரமாட்டாள். இருபத்தாறு வருஷம் தூக்கி வளர்த்த பிள்ளை. இது புரிந்தது என்று நினைத்தேன். இதற்கு அடியில் இன்னொன்று இருந்தது எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்குப் பேரவை கூடியது, நானும் அதில் ஒரு உறுப்பினன். சாமியார் புதியவர், இளைஞர், வந்து எட்டு மாதம்தான். சுபாவின் விண்ணப்பத்தை அவர் வாசித்து முடிப்பதற்குள் துணைத்தலைவர் முடியப்பன் எழுந்துவிட்டார். ஓய்வுபெற்ற சர்வேயர். எல்லைக் கல் போட்டுப் போட்டுப் பழகிய கை, கோவிலிலும் சும்மா இருக்காது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வியாழக்கிழமைதான், ஞாயிற்றுக்கிழமை கொடுத்தால் வாலிபப் பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்றார். கெட்ட மனுஷன் இல்லை, உண்மையாகவே அப்படி நம்புகிறவர்.

அது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று சாமியார் கேட்டார்.

"சட்டமில்ல பாதர், வழக்கம். காலங்காலமா வர்றது."

வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. உத்திரியமேரி அக்கா. பேரவையில் உறுப்பினர் அல்ல, ஒருநாளும் கூட்டத்துக்கு வந்ததில்லை. நாடாவின் இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காலங்காலமா இல்ல சாமி. இருபத்தாறு வருஷமாத்தான். நாந்தான் ஆரம்பிச்சு வெச்சேன்."

அக்கா நின்றபடியே சொன்னார். செங்கோல்மேரி கைப்பிள்ளையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் முதலில் வந்தாராம். அவர் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். ஞானஸ்நானத்துக்குக் கூப்பிடும்போது செங்கோல்மேரி அங்கே இல்லை, அழுதுகொண்டு வெளியே போயிருந்தார். பின்னாலேயே ஓடிப் போய்ப் பிடித்தது அக்கா. மறுநாள் அப்போதிருந்த பெரிய சாமியாரிடம் போய், யாரும் இல்லாத வியாழக்கிழமை சாயங்காலம் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சியதும் அக்காதான். மணி அடித்தால் டீக்கடையில் யார் பிள்ளை என்று கேட்பார்கள், அதனால் மணியும் வேண்டாம் என்றார். உன் இஷ்டம் என்று சாமியார் விட்டுவிட்டார். இரண்டு வருஷம் கழித்து இன்னொரு பெண் வந்தபோது, யாரும் கேட்காமலே கோவில்பிள்ளை அவளை வியாழக்கிழமை வரச் சொன்னார். அக்கா பேசாமல் இருந்துவிட்டார். அதற்கடுத்த பெண்ணுக்குள் அது சட்டமாகிவிட்டது.

"அந்தப் பொண்ணு அழக் கூடாதேன்னு மறைச்சேன் சாமி. பெத்தவளத்தான் பாத்தேன், கைப்புள்ளைக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன். பதினோரு புள்ளைகளத் தூக்கிட்டு பக்கவாட்டுக் கதவு வழியாவே போயிருக்கேன். நான் போட்ட தையல், நானே பிரிச்சுவிடுறேன். இந்தப் புள்ளைய நடுவாசல் வழியா கூட்டியாரேன்."

முடியப்பன் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளை ஒரு குற்றமும் செய்யவில்லை என்றார் சாமியார். சபை கேட்பது ஒன்றுதான், இந்தப் பிள்ளை விசுவாசத்தில் வளரும் என்று யார் பொறுப்பேற்பது? நான் என்றார் அக்கா. தகப்பன் பெயரை எழுத வேண்டுமானால் அவனே வந்து இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் சாமியார். வருவான் என்றார் அக்கா. முடியப்பன் கடைசியாக ஒன்று கேட்டார். எல்லாம் சரி, ஞாயிற்றுக்கிழமை ஊர் பார்க்க அந்தப் பிள்ளைக்கு மணிக்கயிறு இழுக்க இந்தப் பங்கில் எந்த ஆம்பளை வருவான்?

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் எழுந்து, நான் வருகிறேன் என்றேன். என் மகளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிவிட்டது. அதனால் இதைப் பெரிய வீரம் என்று யாரும் எழுதிவைக்க வேண்டாம். பத்து வருஷம் தாமதமான பதில், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே சுபாவைக் கடைக்குக் கூப்பிட்டு, வியாழக்கிழமையை ஆரம்பித்தது யார் என்பதை அக்கா சொல்லிவிட்டார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். சுபா கோபித்துக்கொண்டால் நியாயம்தான் என்று தோன்றியது.

"இங்குட்டு உக்காருங்க பெரியம்மா," என்றாள் சுபா. "இவளைப் புடிங்க. உடுப்புக்கு அளவெடுக்க வேணாமா?"

மறுபடி மெஷின் ஓட ஆரம்பித்தது. எனக்கு அந்தச் சத்தம் அவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை வேல்பாண்டி வேலையிலிருந்து நேராக வந்தான். சட்டைப் பையில் டெஸ்டர், தலையில் ஒட்டடை. சாமியார் முன்னால் நின்று, இது என் பிள்ளை என்று சொன்னான். அக்காவும் நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். சுபாவின் பழைய பதிவில் தகப்பன் பெயருக்கு எதிரே ஒரு கோடுதான் இருக்கிறது. அபிக்கு வேல்பாண்டி என்று முழுதாக எழுதினார் சாமியார். சுபா அதைத் தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா அபியை ஏந்திக்கொண்டு நடுவாசல் வழியாக வந்தார். கழுத்தில் நாடா இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவரை நாடா இல்லாமல் பார்த்தது அன்றைக்குத்தான். சிலர் வேறு பக்கம் பார்த்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் செங்கோல்மேரி உட்கார்ந்த பெஞ்சிலிருந்து யாரும் எழுந்து போகவில்லை. கடைசி பெஞ்சில் மீனம்மாள் பட்டுப்புடவை கட்டிப் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்கு எங்கே திருநீறு வைக்கலாம் என்று என்னிடம் கேட்டார். வெளியே வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள் ஆயா என்றேன். அப்படியே செய்தார். கல்யாணம் எங்கே என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் இரண்டு அம்மாக்களும் இப்போது பேத்தியை வைத்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள்.

தண்ணீர் விழுந்ததும் அபி கோவில் அதிர அழுதாள். நான் மணிக்கூண்டுக்குப் போனபோது முடியப்பன் பின்னாலேயே வந்தார். தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். இழுத்த உடனே கயிற்றை விட்டுவிடு, இல்லாவிட்டால் நாலாவது தானாக விழுந்துவிடும் என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார். மூன்று தடவை இழுத்தேன். மூன்றும் சுத்தமாக விழுந்தது.

நான் கயிற்றைக் கட்டப் போனேன். விடு தம்பி என்று அக்கா வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் சுபா பிள்ளையோடு நின்றாள். அக்கா அவளை ஒருமுறை பார்த்துவிட்டு இழுத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. சுபா பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். முடியப்பனும் எண்ணியிருப்பார். தடுக்கவில்லை.

எல்லோரும் வெளியே வந்தோம். எதிர்க்கடையில் தண்டாயுதபாணி டீயை ஆற்றாமல் நிறுத்திவிட்டு, ரோட்டைக் கடந்து வந்து கையை நீட்டினார்.

"ஆறு அடி கேட்டுச்சே அக்கா. ரெட்டைப் பிள்ளைகளா?"

அக்கா இரண்டு கை நிறையக் கற்கண்டை அள்ளி அவர் கையில் போட்டார்.

"ஆமா. மூத்தவளுக்கு இருபத்தாறு வயசு."